தலை தட்டின ஆழாக்கு

இல்ல, கேட்டத் தொறக்க வேணாம். இங்கயே நிக்கறேன். வெயிலு ஒண்ணும் பண்ணாது. மேற்குத் தாம்பரத்துல நாப்பத்தி மூணு வூட்டு வாசல்ல நின்னு நின்னு காஞ்ச காலு இது. நீங்க பாட்டுக்கு அரிசில கல்லு பொறுக்குங்க. நான் சொல்ல வந்தத சொல்லிட்டுப் பூட்றேன்.

ஏன் நீங்கன்னு சொல்றேன்னா கேக்கறீங்க? பதினோரு வருசம் பேசாம இருந்தா வாயில அப்டித்தான் வருது. ஒரே பெஞ்சுல குந்தி பூசை கேட்டவங்கதான் நாம. மாதா சபைல நீ தலைவி, நான் துணைச் செயலாளர். பாரு, நீன்னு வந்துடுச்சு. வுடு, சரோன்னே கூப்பிட்டுடறேன்.

டொனேசனுக்கு வரல சரோ. கையில ரசீது புக்கு கீதா பாரு. இந்தப் பையில ஒரு டப்பா, ஒரு தண்ணி பாட்டிலு, ஒரு காயிதம். மூணே சாமான். சௌந்தரி தெருவுக்குள்ள வந்தா தாப்பா போடற சத்தம் வரிசையாக் கேக்கும்னு என் வூட்டுக்காரரே சொல்வாரு. அவரு அப்டித்தான். நேத்து ராத்திரி, சரோ வூட்டுக்குப் போறேன்னு சொன்னேன். நீ வாயத் தொறக்கறதுக்குள்ள அந்தப் பொம்பள சமையலே முடிச்சுடும், டிபன் பாக்ஸ் எடுத்துகினு போன்னாரு.

வர்ற ஞாயித்துக்கிழமை ஏரிப்பாக்கத்துல ஸ்கூல் புதுக் கட்டடம் மந்திரிச்சுத் தொறக்கறாங்க. ஆமா, அதே ஸ்கூலுதான். படப்பை தாண்டி எறங்கி ரெண்டு மைலு நடப்போமே. அப்ப ஓலக் கொட்டாய். இப்ப காங்கிரீட்டு, மேல ஒரு மாடி, எட்டு ரூமு. ஜன்னலு முப்பத்தி ரெண்டு, எண்ணிட்டேன். நீ வரணும். அதான் கூப்பிட வந்தேன்.

வரமாட்டன்னு தெரியும். அத அப்பால பேசலாம்.

இத்தினி நாளு எங்க போனன்னு கேக்கறது நாயம்தான். ஆனா நான் வராம இல்ல சரோ. இது நாலாவது தரம். மொத தரம் எம்பத்தி ஆறுல, சாம்பல் புதன் அன்னிக்கி. நெத்தில சாம்பலோட நேரா இந்த கேட்டுக்கு வந்தேன். உன் வூட்டுக்காரரு, அப்பாதுரை அண்ணன், வெளிய வந்து, இன்னாம்மான்னாரு. ரேசன் கடை எங்க கீதுண்ணான்னு கேட்டுட்டேன். பதினஞ்சு வருசமா அதே கடையில அவருக்கு முன்னாடி கியூவுல நின்னவ நான். அவரு மனுசன், சிரிக்காம கைய நீட்டி வழி காமிச்சாரு. நானும் அந்தப் பக்கமே நடந்து ரேசன் கடை வரைக்கும் போய்த் தொட்டுட்டுத் திரும்பினேன். பொய் சொன்ன மாதிரி ஆயிடக் கூடாதில்ல.

ரெண்டாவது தரம் எம்பத்தி ஒம்போது. நாலு வரி லெட்டர் எழுதி உங்க தபால் பொட்டில போட்டேன். போட்டுட்டு தெரு முனை போறதுக்குள்ள, மூணாவது வரி சரியில்லையோன்னு ஒரு ரோசனை. திரும்பி வந்து கொண்டை ஊசியால நோண்டி எடுத்துட்டேன். எதிர் வூட்டு தனம் பாத்துகினே இருந்துச்சு. அதுலேர்ந்து அது என்னப் பாத்தா பையக் கெட்டியாப் புடிச்சுக்கும்.

மூணாவது தரம் தொண்ணூத்தி ரெண்டுல, உன் மாமியா தவறினப்ப. மாலையோட முனை வரைக்கும் வந்தேன். அறுவத்தி ஒரு பேரு நின்னாங்க. இத்தினி பேரு நடுவுல உன் மூஞ்சப் பாக்க முடியாதுன்னு மாலைய வூட்டுக்கு எடுத்துகினு போய் மாதா சுரூபத்துக்குப் போட்டேன். சாவு வூட்டு மாலை மாதாவுக்கான்னு என் வூட்டுக்காரரு கேட்டாரு. அந்தம்மாவுக்கு எல்லாம் தெரியும்னுட்டேன்.

சிரிக்கறியா? இல்லியா? கல்லு பொறுக்கறப்ப ஒதடு அப்டிப் போச்சு, அதான்.

வரிசையாச் சொல்லவா? உனக்குத் தெரிஞ்ச கதைதான். ஆனா மொதல்லேர்ந்து வரிசையாச் சொன்னாத்தான் எனக்குக் கடைசி வரும். நடுவுல நிறுத்தினா மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும். ஜெபமாலை மாதிரி.

எம்பத்தி மூணுல சிஸ்டர் பிலோமினா நம்ம பங்குக் கோயிலுக்கு வந்து நின்னாங்களே, அந்த நாளு. ஏரிப்பாக்கத்துல ஸ்கூல் ஆரம்பிச்சுட்டாங்க. கவர்மெண்டு அங்கீகாரம் இல்ல. அங்கீகாரம் இல்லன்னா சத்துணவு கெடையாது. சத்துணவு இல்லன்னா மத்தியானம் பசங்க நாலு மைலு தள்ளி சோறு போடற ஸ்கூலுக்குப் பூடுவாங்க, இல்லாட்டி மாடு மேய்க்கப் பூடுவாங்க. பசங்க இல்லன்னா அங்கீகாரம் வராது. ஒரு வாலப் புடிச்சா இன்னொரு வாலு. அறுவத்தி ரெண்டு தட்டு, அதுக்கு மத்தியானச் சோறு, அவ்ளோதான் கேட்டாங்க. துட்டு கேக்கல. ஒவ்வொரு வூட்லயும் ஒல வெக்கறதுக்கு முன்னாடி ஒரு பிடி அரிசிய எடுத்துத் தனி டப்பாவுல போடுங்க, வாரத்துக்கு ஒரு தரம் யாராவது வந்து வாங்கிப்பாங்கன்னாங்க.

அந்த யாராவது நானு. ஏன்னா கூட்டத்துல எல்லாரும், என்னால முடியாதுன்னு சொன்னாங்க. எனக்கு அதச் சொல்ல வாய் வரல.

மொத நாள் ஞாபகம் கீதா? நான் மட்டும் தனியாப் போனேன். ரயில்வே காலனில ஒரு ஆபீசர் வூட்டு வாசல்ல நின்னு டப்பாவ நீட்டினேன். எதுக்குன்னு சொல்லணுமில்ல, அது வரல. அந்தம்மா என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு, உள்ளாற போய் ஒரு தட்டுல பழைய சோறும் எலுமிச்ச ஊறுகாயும் கொண்டாந்து வெச்சாங்க. நான் குந்தி தின்னுட்டு, தட்டக் கழுவி வெச்சுட்டு வந்தேன். வேணாம்னு சொல்றதுக்கும் வாய் வேணுமில்ல. அடுத்த வாரத்துலேர்ந்துதான் நீ கூட வந்த. நீ பேசுவ, நான் டப்பாவ நீட்டுவேன். மைக்செட்டும் ஒண்டியலும் போகுது பாருன்னு அப்பாதுரை அண்ணன் சொல்வாரே.

அப்டி நாப்பத்தி மூணு வூடு ஆச்சு. அதுல நம்ம ஆளுங்களே இல்லாத வூடு ஒம்போது. கோவளத்துலேர்ந்து மீன் கொண்டாந்து மார்க்கெட்ல விக்குமே, அங்காளம்மா, அது கூட ஒரு டப்பா வாங்கிக்கிச்சு. எந்த சாமியா இருந்தா இன்னா, பசங்க வவுறு தானேன்னுச்சு. அது டப்பால கைய வுட்டா அரிசி பூரா நெத்திலி வாசனை. அந்த அரிசிச் சோத்துக்குத்தான் ஏரிப்பாக்கத்துல சண்டையே. கொழம்பு இல்லாமயே எறங்குதுன்னு பசங்க சொல்லும்.

மொத மூணு மாசம் எல்லாத்தையும் ஒரே மூட்டையில கொட்டித்தான் அனுப்பினோம். பேஜாராப் பூடுச்சு. உன் வூட்டுப் பொன்னி கொழஞ்சு கூழாயிடும், எதிர் வூட்டு ரேசன் புழுங்கல் அப்பதான் கண்ணத் தொறக்கும். ஒரே தட்டுல கஞ்சியும் கல்லும். சிஸ்டர் ஒண்ணும் சொல்லல. நாந்தான் போய்ப் பாத்துட்டு வந்து ராத்திரி பூரா ரோசிச்சேன். அஞ்சாவது வரைக்கும் படிச்ச மூளை, ஒரு தரம் ரோசிச்சா நிக்காது. வூட்டுக்கு வூடு தனித்தனி துணி முடிச்சு, முடிச்சுக்குள்ள பேரு எழுதின சீட்டு. சனிக்கிழம சாயங்காலம் எல்லா முடிச்சையும் என் வூட்டுக் கூடத்துல பரப்பி, ஒண்ணொண்ணா அளந்து, புழுங்கல் தனி, பச்சை தனின்னு பிரிச்சுக் கட்டினேன். சோறு ஒழுங்கா வெந்துச்சு. அதோட நிறுத்தியிருக்கலாம்.

அளந்தேன் பாரு, அங்கதான் எனக்குப் பேய் புடிச்சுச்சு. அளந்தத எழுதி வெச்சேன். எழுதினத வரிசைப்படுத்தினேன். ஆழாக்குல அரிசியக் கொட்டி, என் பையன் ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலால தலை தட்டி, வழியற அரிசிய மறுபடி எண்ணி. சிரிக்காத, எண்ணியும் கீறேன். சிஸ்டர் பிலோமினா ஒரு சனிக்கிழம வந்து பாத்துட்டு, இன்னா சௌந்தரி, பிடி அரிசின்னா பிடிச்சுப் போடறது, அதுக்கு அளவு கெடையாது, அவங்கவங்க கை எவ்ளோ பெருசுன்னு ஆண்டவருக்குத் தெரியும்னாங்க. ஆண்டவருக்குத் தெரியும், சபைக்குத் தெரிய வேணாமா சிஸ்டர்னு கேட்டேன். எனக்கு வாய் வர்றதே அந்த மாதிரி எடத்துலதான்.

அந்த லிஸ்ட்ட அப்ப நம்ம கோயில்ல இருந்த பெரிய சாமியார் பாத்துட்டாரு. ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு அறிவிப்புல வாசிக்க ஆரம்பிச்சாரு. ஜாஸ்தி குடுத்தவங்க மொதல்ல, கொறச்சலா குடுத்தவங்க கடைசில. மொத வாரம் வாசிச்சதுக்கு அடுத்த வாரமே பதினோரு படி ஏறிடுச்சு. ஒரு பிடி போட்டவங்கல்லாம் ரெண்டு பிடி போட்டாங்க. நான் கொடி கட்டின மாதிரி திரிஞ்சேன். வாரா வாரம் மொத பேரு உன்னுது. சரோஜினி அப்பாதுரை, ஒரு படி. எட்டு ஆழாக்கு, ஒரு வாரம் கூட கொறையல. நூத்தி மூணு வாரம்.

பஸ்ல என்ன ஒரு பைத்தியம்னே சொல்வாங்க. மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட்டு குடுங்கன்னு கண்டக்டர்ட்ட நானே கேப்பேன். அவரு, ஸ்கூல் பசங்க அரிசி தானேம்மா, வுடுங்கன்னுவாரு. நான் வுட மாட்டேன். ரெண்டு கிலோ ஜாஸ்தி கீது சார், கவர்மெண்ட ஏமாத்தக் கூடாதுன்னு மல்லுக்கட்டுவேன். ஒரு தரம் அவரு ரெண்டு கையும் கூப்பி, தாயே, படப்பை தாண்டிடுச்சு, எறங்குன்னாரு. அப்டிப்பட்ட உத்தமி.

இப்டி படியில குந்திக்கவா? காலு கடுக்குது. கேட்டு மூடியே இருக்கட்டும்.

எம்பத்தி அஞ்சு ஜூலை பதினாலு. உனக்கும் தேதி ஞாபகம் கீதா? இருக்கும். பூசை முடிஞ்சுது. சாமியார் லிஸ்ட்ட எடுத்தாரு. மொத பேரு வேற யாரோ. நீ முக்காட்ட சரி பண்ணிகினு நிமிந்து பாத்த. ரெண்டாவது பேரு, பத்தாவது பேரு, இருவதாவது. அங்காளம்மா நாலு ஆழாக்குன்னாரு. அதுக்கப்பறமும் உன் பேரு வரல. நாப்பத்தி மூணாவதா, கடைசியா, சரோஜினி அப்பாதுரை, ரெண்டு ஆழாக்கு. படிச்சுட்டு அவரு சும்மா இருந்திருக்கலாம். பெரிய வீட்டு அம்மா வீட்ல இந்த வாரம் உபவாசம் போலன்னு ஒரு வார்த்த போட்டாரு. மனுசன் தமாசுக்குச் சொன்னாரு. கோயிலே சிரிச்சுது. ஆம்பளைங்க பக்கம் யாரோ இருமற மாதிரி சிரிச்சாங்க, அதான் ரொம்ப மோசம்.

நீ என்னத் திரும்பிப் பாத்த. நான் உன் பக்கத்துலதான் குந்தினு இருந்தேன். சொல்லுடி, தப்பா எழுதிட்டேன்னு எழுந்து சொல்லுடின்னு உன் கண்ணு கேட்டுச்சு. நான் முந்தானையில முடிச்சு போட்டுப் போட்டு அவுத்தேன். ஏழு முடிச்சு. நீ எழுந்து நடந்து பூட்ட. திங்கக்கிழம காலைல என் வாசல்ல உன் டப்பா கவுந்து கெடந்துச்சு. அதுக்கப்பறம் நீ பூசைக்கு குரோம்பேட்டைக்குப் போறன்னு சொன்னாங்க.

இதோ, இதான் அந்த டப்பா. பதினோரு வருசமா வாரா வாரம் கழுவி வெயில்ல வெக்கறேன். துருப் புடிக்கல பாரு.

நீ கோச்சுகினது அந்த சிரிப்புக்குன்னுதான் நான் இத்தினி நாளும் நெனச்சுகினு கீறேன். ஊரு முன்னாடி மானம் போச்சேன்னு. அது இல்லியா? அப்ப?

மாமியாவா?

மெதுவாச் சொல்லு சரோ, லாரி சத்தத்துல கேக்கல. டப்பா தளும்பத் தளும்ப இருந்தத அவங்க கண்ணால பாத்தாங்களா. சரி. கோயில்ல ரெண்டு ஆழாக்குன்னு படிச்சதும், வூட்டுக்கு வந்து, மீதி எங்கன்னு கேட்டாங்களா. உங்க அம்மா வூட்டுக்கு அனுப்பிட்டன்னு. ஆண்டவரே. அப்பாதுரை அண்ணன்? அவரும் ஒண்ணும் சொல்லலியா. அன்னிக்கே அரிசிப் பானைய உள் ரூம்ல வெச்சுப் பூட்டி சாவிய இடுப்புல சொருகிக்கினாங்களா. வேளைக்கு வேளை அவங்க அளந்து குடுக்க, நீ வாங்கி வடிச்சியா. எத்தினி வருசம்? சாவற வரைக்குமா. ஏழு வருசம்.

ஏழு வருசம் உன் வூட்டு அரிசிய நீ கை நீட்டி வாங்கியிருக்க.

இது எனக்குத் தெரியாது சரோ. மாதா மேல சத்தியமாத் தெரியாது.

நீ ஏன் என்ன வந்து கேக்கல? ஒரு தரம் வந்து, இன்னாடி சௌந்தரி, எட்டு போட்டேன் ரெண்டுன்னு எழுதிகீறியேன்னு கேட்டிருந்தா? சொல்லு. ஓ. சௌந்தரி கணக்கு தப்பாதுன்னு நெனச்சியா. தலை தட்டி அளக்கறவ, எழுதினா எழுதினதுதான்னு. அப்ப அரிசி எங்க போச்சுன்னு நெனச்ச? மாமியாவே எடுத்துட்டு உன் மேல பழி போட்டாங்கன்னா? இத்தினி வருசமா அவங்கதான்னு நெனச்சுகினு கீறியா. செத்தப்ப கூட அழலியா.

அவங்க உன்னச் சந்தேகப்பட்டாங்க. நீ அவங்களச் சந்தேகப்பட்ட. என்ன ஒருத்தரும் சந்தேகப்படல.

இரு, தண்ணி குடிச்சுக்கறேன்.

சரி. வரிசைல எங்க வுட்டேன். ஆங், ஞாயித்துக்கிழம. இப்ப புதுசா வந்துகீற சின்ன ஃபாதரு பழைய நோட்டெல்லாம் எடுத்துப் பாத்துட்டாரு. ஆறு வருசம், நாப்பத்தி மூணு வூடு, ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. இந்தம்மா இல்லன்னா இந்த ஸ்கூலுக்கு அங்கீகாரமே வந்திருக்காதுன்னு அவரே முடிவு பண்ணிட்டாரு. மேடையில எனக்குப் பொன்னாடை போடப் போறாங்களாம். கணக்குல ஒரு அரிசி தப்பாதவங்கன்னு மைக்குல சொல்லப் போறாராம். எனக்கு மூணு நாளா பேதி. என் வூட்டுக்காரரு, பொன்னாடை போத்திகினு கக்கூசுக்குப் போற மொத ஆளு நீதான்னு சொல்றாரு.

நான் ஃபாதர்ட்ட ஒண்ணு கேட்டேன். பொன்னாடை போடறதுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு நிமிசம் மைக்கு வேணும், ஒரு அறிவிப்பு வாசிக்கணும்னு. அவரு சந்தோசமா, ரெண்டு இன்னாம்மா, பத்து நிமிசம் எடுத்துக்கங்கன்னாரு. பாவம்.

அந்தக் காயிதம்தான் இது. நீ எஸ்.எஸ்.எல்.சி. எங்கனா தப்பு கீதான்னு கொஞ்சம் பாத்துக் குடு. கண்ணாடி உள்ளாற கீதா? சரி, எழுந்திருக்காத, நானே படிக்கறேன். மைக்குல படிச்சுப் பழகின மாதிரியும் இருக்கும்.

திருத்தம். 1985 ஜூலை 14ஆம் தேதி ஞாயிறு பூசையில் வாசித்த பிடி அரிசிப் பட்டியலில், திருமதி சரோஜினி அப்பாதுரை, இரண்டு ஆழாக்கு என்று உள்ளது. அவர் கொடுத்தது எட்டு ஆழாக்கு. மீதி ஆறு ஆழாக்கை எடுத்துத் தன் வீட்டில் சமைத்தது, பட்டியல் எழுதிய ஞானசௌந்தரி.

அவ்ளோதான். அஞ்சு வரி. பெருசா இருந்தா கொறைச்சுடலாம்.

எதுனா சொல்லு. இல்லாட்டி வேணாம், நான் முடிச்சுடறேன்.

அப்ப என் வூட்டுக்காரரு வேல பாத்த தோல் கம்பெனி மூடிக் கெடந்துச்சு, லாக்அவுட்டு, நாலாவது மாசம். யாருக்கும் சொல்லல. தெனம் டிபன் பாக்ஸ எடுத்துகினு கெளம்புவாரு. உள்ள ஒண்ணும் இருக்காது, ஸ்பூன் ஒண்ணு போட்டு அனுப்புவேன், சத்தம் வரணுமில்ல. அந்த சனிக்கிழம கூடத்துல நாப்பத்தி மூணு முடிச்சு அரிசி பரப்பி வெச்சு அளந்துகினு கீறேன். என் மூணு பசங்க சுத்தி குந்தினு பாக்கறாங்க. ரெண்டு நாளா கோதும ரவக் கஞ்சி, அன்னிக்கி அதுவும் இல்ல. பசங்க ஒண்ணும் கேக்கல. என் ரத்தம், கேக்கத் தெரியாது. சின்னது மட்டும் ஸ்கேலால வழிச்சப்ப கீழ வுழுந்த அரிசிய ஒண்ணொண்ணாப் பொறுக்கித் தின்னுச்சு.

ஊருப் பசங்களுக்கு சோறு வேணும்னு நாப்பத்தி மூணு வாசல்ல நின்னவளுக்கு, என் பசங்களுக்கு வேணும்னு ஒரு வாசல்ல போய் நிக்கத் தெரியல. உன் வூடு நாலாவது தெருதான். இன்னா தூரம்.

உன் முடிச்சத்தான் அவுத்தேன். அதுல ஜாஸ்தி இருந்துச்சுன்னு இல்ல சரோ. மத்தவங்களுத எடுத்தா திருட்டுன்னு தோணுச்சு. உன்னுதுன்னா கேட்டு வாங்கின மாதிரி. கேக்கல, அதான் கொற. என் வூட்டுக்காரரு சோத்தப் பாத்துட்டு, பொன்னியா கீதே, சரோ குடுத்துச்சான்னாரு. ஆமான்னேன்.

அப்பறம் நோட்ட எடுத்து எழுத குந்தினேன். எட்டுன்னு எழுதியிருந்தா கதையே இல்ல. ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. பேனாவ எட்டுக்குக் கொண்டு போறேன், கை போகல. முடிச்சுல ரெண்டுதான் கீது, எட்டுன்னு எப்டி எழுதறது? திருட கை வந்துச்சு, பொய்க் கணக்கு எழுத வரல. என்ன மாதிரி ஒரு யோக்கியமான திருடிய நீ எங்கயும் பாக்க முடியாது.

பாவசங்கீர்த்தனம் பண்ணேன், பண்ணாம இல்ல. நம்ம சாமியார்ட்ட இல்ல, பரங்கிமலைக்கு ரயிலேறிப் போய், மொகம் தெரியாத சாமியார்ட்ட. ஆறு ஆழாக்கு சாமி, தலை தட்டினதுன்னேன். அவரு, மூணு அருள் நிறைந்த மரியே சொல்லுங்க, அரிசியத் திருப்பிப் போட்டுடுங்கம்மான்னாரு. கம்பெனி தொறந்த மாசமே போட்டுட்டேன். ஏழு ஆழாக்கு, ஒண்ணு வட்டி. அரிசிய மூட்டையில கொட்டிடலாம். உன் பேர எந்த மூட்டையில கொட்றது? அது அவருக்கும் தெரியல, நானும் கேக்கல.

அதான் ஞாயித்துக்கிழம நீ வரணும். எந்த வாயி உன் பேர கடைசில தள்ளுச்சோ அந்த வாயி மைக்குல சொல்லணும், நீ குந்தி கேக்கணும். நீ இல்லாம சொன்னா அது பாதிக் கணக்கு. இப்ப உன் மாமியா கதையச் சொன்னியே, அதுக்கு ஒரு வரி சேக்கணும். எப்டி எழுதறதுன்னு தெரியல. அந்தம்மா பேரு இன்னா? கிளியம்மாளா. சரி. கிளியம்மாளும் எடுக்கல. இப்டிப் போட்டா போறுமா?

எங்க எழுந்துட்ட? கேட்ட ஏன் தொறக்கற? அடிக்கறதுன்னா உள்ளாற வந்தே வாங்கிக்கறேன், தனம் ஜன்னல்ல நின்னு பாத்துகினு கீது.

இங்கயே நிக்கவா? சரி.

சரோ, இன்னும் ஒண்ணு கீது. காயிதத்துல இல்ல. ரேசன் கடை எங்க கீதுன்னு கேக்க மாட்டேன், பயப்படாத. காலைல பயத்துல ஒண்ணும் எறங்கல. எனக்குப் பசிக்குது. கொஞ்சம் சோறு போடறியா?

இன்னா? தலை தட்டிப் போடவா, கோபுரமாப் போடவான்னா கேக்கற?

தட்டியே போடு, சரோ.